தாண்டிய உயரம் யாருடையது?



இயற்பியல் சோதனைச் சாலையில் நீங்கள் முதன்முதலாகக் கையில் எடுக்கும் கருவிகளுள் ஒன்று திருகு அளவி. ஒரு செப்புக் கம்பியைக் கொடுத்து, "இதன் விட்டத்தை அளந்து சொல்" என்கிறார் ஆசிரியர். நீங்கள் உடனே கம்பியை இடையில் வைத்துத் திருகத் தொடங்கினால் அவர் தடுப்பார். "முதலில் சுழிப் பிழையைப் பார்" என்பார். இரு முனைகளும் ஒன்றையொன்று தொடும்போது கருவி சுழியைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்தக் கருவி சொல்வதில் ஒரு பகுதி கம்பியினுடையது. மற்றொரு பகுதி கருவியினுடையது. பின்னதைக் கழிக்காமல் கம்பியைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது.

ஓசூரின் லேத் பட்டறைகளில் இந்தப் பாடத்தைப் புத்தகம் படிக்காதவர்களும் அறிவார்கள். மைக்ரோமீட்டரின் சுழியைச் சரிபார்க்காமல் எந்த நல்ல தொழிலாளியும் ஒரு பொருளைக் கழிவு என்று ஒதுக்குவதில்லை.

பொருளை ஒதுக்குவதற்கு முன் இவ்வளவு கவனம் காட்டும் நாம், பிள்ளைகளை அளக்கும்போது என்ன செய்கிறோம்? இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியது ஒரு விளையாட்டு மைதானத்தில்.

ஒரு போட்டியும் ஒரு கையெழுத்தும்

சில ஆண்டுகளுக்கு முன் ஓசூர் வட்டாரத்தில் நடந்த பள்ளிகளுக்கிடையேயான போட்டி ஒன்றில் உதவி நடுவராக இருக்கும்படி என்னை அழைத்தார்கள். மாணவியருக்கான உயரம் தாண்டும் போட்டி. தடித்த நுரை மெத்தை ஒன்றை அன்றைக்கென்று வரவழைத்துப் போட்டிருந்தார்கள்.

கடைசியில் இரண்டு பெண்கள் என் கவனத்தைக் கவர்ந்தார்கள். இருவரும் ஏறத்தாழ ஒரே உயரம், ஒரே வயது. ஒருத்தி வசதியுள்ள பள்ளியில் படிப்பவள். வளைந்து ஓடிவந்து, முதுகைக் கம்பின் பக்கம் திருப்பி, வில்போல் வளைந்து மெத்தையில் மல்லாந்து விழுந்தாள். மற்றவள் தொழிற்பேட்டைக்குப் பின்னால் உள்ள குடியிருப்பிலிருந்து அரசுப் பள்ளிக்கு நடந்து வருபவள். அவள் பக்கவாட்டில் ஓடிவந்து, ஒரு காலை வீசி, அடுத்த காலைத் தூக்கி, கத்தரிக்கோல் விரிவதுபோல் கம்பைக் கடந்து மெத்தையின் மேல் இரு கால்களாலும் நின்றாள். மெத்தை அமிழ்ந்ததில் தடுமாறினாள். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் பள்ளியில் இருந்தது மணற்குழி மட்டுமே; மெத்தையை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள்.

முதலாமவள் 132 செ.மீ. தாண்டினாள். இரண்டாமவள் 114 செ.மீ.யில் நின்றுவிட்டாள். போட்டி முடிந்ததும் அவள் என்னிடம் வந்து, "சார், ஒரே ஒரு தடவை நானும் அந்த மெத்தையிலே மல்லாந்து விழுந்து பார்க்கட்டுமா?" என்று கேட்டாள். அடுத்த போட்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். 132, 114 என்ற இரு எண்களுக்கும் கீழே கையெழுத்துப் போட்டேன்.

அன்று காலையில்தான் கல்லூரியில் சுழிப் பிழையைப் பற்றி வகுப்பெடுத்திருந்தேன். இரவு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் என் தவறு எனக்குத் தெரிந்தது. அந்தக் கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள்.

கம்பின் உயரம் வேறு, உடல் எழுந்த உயரம் வேறு

உங்கள் உடலின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் செயல்படுவதாகக் கொள்ளலாம். அப்புள்ளியே ஈர்ப்பு மையம். நேராக நிற்கும்போது அது தொப்புளை ஒட்டிய மட்டத்தில் இருக்கிறது. தாண்டுபவர் தரையை உதைத்து எழும் கணத்தில், கைகளும் ஒரு காலும் மேலே தூக்கியிருப்பதால், அது இன்னும் சற்று உயர்கிறது. நம் மாணவியருக்கு அப்போது அது தரையிலிருந்து 95 செ.மீ. உயரத்தில் இருந்தது என்று கொள்வோம்.

கால் தரையை விட்டபின் நடப்பது, மேல்நோக்கி எறிந்த பந்தின் கதைதான். ஈர்ப்பு மையம் எவ்வளவு உயரும் என்பது, கால் தரையை விடும்போது மேல்நோக்கி இருந்த திசைவேகத்தை மட்டுமே பொறுத்தது. அந்தரத்தில் கையை ஆட்டியோ காலை உதறியோ அதை ஓர் அங்குலம்கூட உயர்த்த முடியாது. ஆகவே தாண்டுபவரின் கால் வலிமை முழுவதும் ஈர்ப்பு மையம் எழும் உயரத்தில்தான் வெளிப்படுகிறது.

ஆயினும் நடுவர் அளப்பது அதை அன்று, கம்பின் உயரத்தை. கம்பைத் தட்டாமல் கடக்க, ஈர்ப்பு மையம் கம்புக்கு எவ்வளவு மேலே செல்ல வேண்டும்? அது தாண்டும் முறையைப் பொறுத்தது.

கத்தரிக்கோல் முறையில் உடல் ஏறத்தாழ நிமிர்ந்தே கம்பைக் கடக்கிறது. இடுப்பும் தொடையும் கம்புக்கு மேலே போக வேண்டும். இடுப்புக்கு மேலே உடலின் பெரும்பகுதி இருக்கிறது. எனவே ஈர்ப்பு மையம் கம்புக்குச் சுமார் 25 செ.மீ. மேலே சென்றாக வேண்டும்.

மல்லாந்து தாண்டும் முறையில் தலை, தோள், முதுகு, இடுப்பு, கால் என ஒவ்வொன்றாகக் கம்பைக் கடக்கின்றன. ஒன்று மேலே இருக்கும்போது மற்றவை கீழே தொங்குகின்றன. ஒரு வளையலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஈர்ப்பு மையம் எங்கே இருக்கிறது? நடுவில் உள்ள வெற்றிடத்தில் அல்லவா? அதுபோல வில்லாக வளைந்த உடலின் ஈர்ப்பு மையம் உடலுக்கு வெளியேகூடச் செல்லலாம். நன்கு பழகியவர்களுக்கு உடல் கம்புக்கு மேலாகவும், ஈர்ப்பு மையம் கம்பின் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழாகவோ செல்வதுண்டு. பள்ளி மாணவி ஒருத்திக்கு அது கம்புக்கு 5 செ.மீ. மேலே சென்றதாகக் கொள்வோம்.

இப்போது கூட்டிப் பாருங்கள்.

முதல் மாணவியின் ஈர்ப்பு மையம் சென்ற உயரம்: 132 + 5 = 137 செ.மீ.
இரண்டாம் மாணவியின் ஈர்ப்பு மையம் சென்ற உயரம்: 114 + 25 = 139 செ.மீ.

இது தோராயக் கணக்கு. 2 செ.மீ. வேறுபாட்டை வைத்து இரண்டாமவளே வலியவள் என்று சொல்ல இயலாது. நம் மதிப்பீட்டின் பிழை அதைவிடப் பெரிது. ஆனால் இருவரும் ஏறத்தாழ ஒரே வேகத்தில், அதாவது விநாடிக்கு 2.9 மீட்டர் வேகத்தில், தரையிலிருந்து எழும்பினார்கள் என்று துணிந்து சொல்லலாம். நான் கையெழுத்திட்ட 18 செ.மீ. வேறுபாடு கால்களில் இல்லை. அது மெத்தையில் இருந்தது.

மணலில் ஏன் மல்லாந்து விழக் கூடாது?

"அப்படியானால் அரசுப் பள்ளி மாணவியும் மல்லாந்து தாண்டப் பழகியிருக்கலாமே" என்று கேட்பீர்கள். கூடாது என்கிறது இயற்பியல்.

உயரத்திலிருந்து விழும் உடலில் நிலையாற்றல் இயக்க ஆற்றலாக மாறுகிறது. தரையைத் தொட்டதும் அந்த ஆற்றல் முழுவதையும் ஒரு குறுகிய தொலைவுக்குள் தீர்த்தாக வேண்டும். விசை, தொலைவு இவற்றின் பெருக்கலே வேலை என்று படித்திருக்கிறீர்கள். எனவே,

தடுக்கும் சராசரி விசை = எடை × (விழுந்த உயரம் ÷ நிற்பதற்குள் கடந்த தொலைவு)

(நிற்கும் தொலைவினூடே உடலின் எடையும் சேர்ந்து அழுத்துவதால் இன்னும் ஒரு மடங்கு எடை கூடும். எளிமைக்காக அதை இங்கே விட்டுவிடுவோம்.)

மாணவியின் நிறை 40 கி.கி. எனில் எடை சுமார் 400 நியூட்டன். மூன்று வகையில் விழுவதைக் காண்போம்.

1. மெத்தையில் மல்லாந்து: மெத்தையே 60 செ.மீ. தடிமன் உள்ளதால் விழும் உயரம் 70 செ.மீ. அளவுதான். மெத்தை 30 செ.மீ. அமிழ்ந்து கொடுக்கிறது. விசை எடையைப்போல் 2.3 மடங்கு, அதாவது ஏறத்தாழ 930 நியூட்டன். அது முதுகு முழுவதும் பரவுகிறது.

2. மணலில் கால் ஊன்றி: விழும் உயரம் 50 செ.மீ. முழங்கால் மடங்குவதாலும் மணல் நெகிழ்வதாலும் 35 செ.மீ. தொலைவு கிடைக்கிறது. விசை எடையைப்போல் சுமார் ஒன்றரை மடங்கு.

3. மணலில் மல்லாந்து: விழும் உயரம் 1.25 மீட்டர். முதுகுக்கு முழங்கால் கிடையாது. மணல் 5 செ.மீ. நெகிழ்ந்தால் அதிகம். விசை எடையைப்போல் 25 மடங்கு, 10,000 நியூட்டன். ஏறத்தாழ ஒரு டன் பொருளின் எடை! கழுத்தோ தலையோ முதலில் பட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே மணற்குழியில் கத்தரிக்கோல் முறையைப் பழகிய அந்தப் பெண்ணும், அதைக் கற்றுக்கொடுத்த உடற்கல்வி ஆசிரியரும் அறியாமையால் அவ்வாறு செய்யவில்லை. தங்களிடம் இருந்த தரைக்கு எது சரியோ அதைச் செய்தார்கள். மாணவர்களே, நீங்களும் மெத்தையும் ஆசிரியரும் இல்லாமல் மல்லாந்து தாண்ட ஒருபோதும் முயலாதீர்கள்.

மெத்தை படைத்த முறை

விளையாட்டின் வரலாறும் இதையே சொல்கிறது. உயரம் தாண்டுபவர்கள் மணலிலும் மரத்தூளிலும் விழுந்த காலத்தில், காலோ கையோ முதலில் தரையைத் தொடும் முறைகளே வழக்கில் இருந்தன. 1960களில் அமெரிக்க மைதானங்களில் நுரை மெத்தை பரவத் தொடங்கியது. அக்காலத்தில் ஆரிகன் மாநிலத்தில் டிக் பாஸ்பரி என்ற பள்ளி மாணவர் பழைய முறைகள் தமக்கு ஒத்துவராமல், முதுகைத் திருப்பித் தாண்டும் முறையைச் சிறிது சிறிதாக உருவாக்கினார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 2.24 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். இன்று உலக அரங்கில் உயரம் தாண்டுபவர்கள் பின்பற்றுவது அவர் பெயரால் வழங்கும் முறையையே.

வியப்பான செய்தி இன்னொன்றுண்டு. ஏறத்தாழ அதே காலத்தில் கனடாவில் டெபி பிரில் என்ற சிறுமியும் அவரைப் பின்பற்றாமல் தானாகவே அதே போன்ற முறையைக் கண்டுபிடித்தாள். அவள் தந்தை தம் பண்ணையிலேயே நுரை ரப்பர் துண்டுகளைச் சேர்த்து ஒரு மெத்தை அமைத்துக் கொடுத்திருந்தார். 1970 காமன்வெல்த் போட்டியில் அவள் தங்கம் வென்றாள். ஓரிடத்தில் ஒருவர், வேறோரிடத்தில் மற்றொருவர். இருவருக்கும் பொதுவாக இருந்தது முதுகைத் தாங்கும் மெத்தை.

"திறமை இருந்தால் தானே மேலே வருமே!"

இப்படிச் சொல்பவர்கள் பலர். அவர்கள் காட்டும் சான்றுகளும் உண்மையானவை. எதியோப்பியாவின் அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் மராத்தானை வெறுங்காலுடன் ஓடி வென்றார். சேலம் மாவட்டத்தில், பெரியவடகம்பட்டி என்னும் சிற்றூரில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பேருந்து ஏறியதில் வலக்காலின் கீழ்ப்பகுதி நசுங்கியவர். அவருடைய தாய் காய்கறி விற்றும் கூலி வேலை செய்தும் குடும்பத்தைக் காத்தார். அவர் 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். 2021-இல் டோக்கியோவில் வெள்ளியும், 2024-இல் பாரிசில் வெண்கலமும் பெற்றார்.

ஆனால் இக்கதைகளை முழுவதும் படிக்க வேண்டும். பிகிலா 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் மீண்டும் வென்றபோது காலணி அணிந்தே ஓடினார். மாரியப்பனின் ஆர்வத்தைப் பள்ளியிலேயே கண்டு ஊக்குவித்த உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் இருந்தார். பின்னர் அவரைத் தேர்ந்தெடுத்துப் பெங்களூரில் பயிற்சி கொடுத்தவர் சத்தியநாராயணா என்ற பயிற்சியாளர். சேலத்திலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலை தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகத்தான் போகிறது. வழியில் உள்ள ஊர்களில் எத்தனை பிள்ளைகள் அந்தச் சாலையில் ஏறாமலே நின்றுவிட்டார்கள் என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் கணக்கில்லை.

சோதனைச் சாலையில் பத்து அளவீடு எடுத்து, பிடித்த ஒன்றை மட்டும் குறிப்பேட்டில் எழுதினால் ஆசிரியர் ஒப்புக்கொள்வாரா? கரையேறியவரை மட்டும் எண்ணி, "ஆறு ஆழமில்லை" என்று முடிவு கட்டுவதும் அத்தகையதே.

சோறும் ஒரு கருவியே

மெத்தையைப் போலவே கண்ணுக்குத் தெரியாத வேறொரு சுழிப் பிழை உணவு. ஓடுவதற்கு ஒவ்வொரு கிலோகிராம் நிறைக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 1 கிலோகலோரி ஆற்றல் செலவாகிறது. 40 கி.கி. நிறையுள்ள மாணவன் மாலைப் பயிற்சியில் மொத்தம் 5 கி.மீ. ஓடினால் 200 கிலோகலோரி. நம் வட்டாரத்துக் கேழ்வரகு மாவில் 60 கிராம், அல்லது வேர்க்கடலையில் 35 கிராம் அந்த ஆற்றலைத் தரும். ஓர் உருண்டை களி அல்லது ஒரு பிடி கடலை, அவ்வளவுதான்!

ஆனால் அந்த ஒரு பிடி மாலை நான்கு மணிக்குக் கிடைக்க வேண்டும். 1956-இல் காமராசர் ஆட்சியில் பரவி, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்த மதிய உணவு நம் பள்ளிகளின் பெருமை. 2022-இல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் தொடங்கியது. மாலையில் மைதானத்தில் நிற்கும் உயர்நிலைப் பள்ளி மாணவனின் வயிற்றில் இருப்பதோ நண்பகலில் உண்ட சோறு. பெற்றோர் இருவரும் ஷிப்டு வேலைக்குச் சென்றிருந்தால் இரவு எட்டு மணி வரை வேறெதுவும் இல்லை. கடைசிச் சுற்றில் அவன் பின்தங்கினால் "மூச்சுப் பிடிக்கவில்லை" என்று எழுதிவிடுகிறோம்.

கட்டைவிரலின் பிழை

ஓசூர், 1980களிலிருந்து கைக்கடிகாரம் செய்யும் ஊர். குவார்ட்சு கடிகாரத்தினுள் இருக்கும் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இது 2-ஐ 15 முறை பெருக்கிய எண். அவ்வளவு நுட்பமான கடிகாரத்தையும் கட்டைவிரலால் அழுத்தி ஓட்டத்தை அளக்கும்போது அந்த நுட்பம் வீணாகிறது. துப்பாக்கிப் புகையைக் கண்டு விரல் அழுந்துவதற்குள் காலம் கடந்துவிடுகிறது. ஓடுபவர் எல்லைக் கோட்டை நெருங்குவதைக் கண்டதும் விரல் முந்திக்கொள்கிறது. எனவேதான் 100 மீட்டர் ஓட்டத்தில் கையால் அளந்த நேரத்தை மின்னணுக் கருவியின் நேரத்தோடு ஒப்பிட 0.24 விநாடி கூட்டுவது வழக்கம். விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடுபவர் அந்நேரத்தில் ஏறத்தாழ 2 மீட்டர் சென்றுவிடுவார்!

இந்தப் பிழை கிராமத்துப் பிள்ளைக்குச் சாதகமாக இருப்பதைக் கவனியுங்கள். ஆனால் அந்தச் சாதகம் நிலைக்காது. ஊரில் 12.8 விநாடி என்று நம்பி மாநிலப் போட்டிக்குப் போகிறவள், அங்கே 13.04 என்று காட்டும் பலகையைக் கண்டு தான் திடீரெனத் தளர்ந்துவிட்டதாக எண்ணி மனமுடைகிறாள். சுழிப் பிழை நேர்க்குறியாயினும் எதிர்க்குறியாயினும், அறியாதவரை அது தீங்கே செய்கிறது.

பதக்கம் பெறாதவர்களுக்கு என்ன பயன்?

ஒரு பள்ளியில் ஆயிரம் பேர் படித்தால் பதக்கம் பெறுபவர் ஐந்தாறு பேர். மற்றவர்களுக்கு மைதானம் எதற்கு?

எலும்பு உயிருள்ள பொருள். சுமை ஏறும் இடத்தில் அது தடித்து வலுக்கிறது. சிறு வயதிலிருந்து டென்னிசு ஆடுபவரின் மட்டை பிடிக்கும் கை எலும்பு மறு கை எலும்பைவிடத் தடித்திருப்பதை ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். வளர்ந்த மனிதனின் எலும்பில் உள்ள தாதுப் பொருளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, பருவ வயதில் உயரம் மிக விரைவாகக் கூடும் இரண்டே ஆண்டுகளில் சேர்கிறது. குதிப்பும் ஓட்டமும் அதற்கு உதவுகின்றன. அந்த இரண்டு ஆண்டுகள் உங்கள் உயர்நிலைப் பள்ளி ஆண்டுகள்தாம்! அப்போது தவறவிட்ட மைதானத்தைப் பிறகு நாற்பது வயதில் வாங்கிக் கொடுக்க முடியாது.

உலக நல நிறுவனம் 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடலை இயக்க வேண்டும் என்கிறது. 2016-ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் 11 முதல் 17 வயதுள்ளவர்களில் 81 விழுக்காட்டினர் இந்த அளவை எட்டவில்லை. சிறுவரைவிடச் சிறுமியரே அதிகம் பின்தங்கியிருந்தனர். வீட்டு வேலை, தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளல், இருட்டும் முன் வீடு திரும்ப வேண்டிய கட்டாயம் ஆகியவை பெண்களின் மாலைப் பொழுதை விழுங்குவதை நாம் அறிவோம்.

செய்து பாருங்கள்

மெத்தையும் கம்பும் இல்லாமலே உங்கள் கால் வலிமையை அளக்க ஒரு வழி உண்டு. தேவையானது ஒரு சுவர், சுண்ணக்கட்டி, அளவுகோல்.

சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நில்லுங்கள். குதிகால் தரையில் இருக்க, கையை முழுவதும் உயர்த்தி விரல் நுனியால் ஒரு கோடு போடுங்கள். பிறகு நின்ற இடத்திலிருந்தே குதித்து, மிக உயரமான நிலையில் மற்றொரு கோடு போடுங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவே நீங்கள் எழுந்த உயரம். மூன்று முறை செய்து சிறந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். டட்லி சார்சென்ட் என்ற அமெரிக்க உடற்கல்வி அறிஞர் 1921-இல் எழுதி விளக்கிய சோதனை இது.

இதில் தாண்டும் முறை இல்லை. விழும் பயம் இல்லை. தளியிலுள்ள பள்ளிக்கும் பெங்களூரிலுள்ள பள்ளிக்கும் சுவர் ஒன்றுதான். இதுவும் உணவின் பிழையை நீக்காது. ஓடிவந்து தாண்டும் திறனை முழுவதும் காட்டாது. எனினும் கம்பின் உயரத்தைவிட இதன் சுழிப் பிழை குறைவு. உங்கள் வகுப்பில் எல்லாரையும் அளந்து பட்டியலிடுங்கள். விளையாட்டு அணியில் இல்லாத யாரோ ஒருவரின் பெயர் மேலே வந்து நிற்கலாம்!

பிழையைத் திருத்துவது யார் வேலை?

சட்டம் முன்பே சொல்லிவிட்டது. 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கு விளையாட்டிடமும் விளையாட்டுக் கருவிகளும் வேண்டும் என்கிறது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியும் பாராலிம்பிக், ஒலிம்பிக் விளையாட்டுப் பயிற்சியும் அப்பணிகளின் பட்டியலில் உள்ளன. இத்தனை தொழிற்சாலைகள் நிறைந்த ஓசூரில் இந்த இரண்டு சட்டங்களும் ஒரே மைதானத்தில் சந்திக்கலாம்.

செயற்கை ஓடுதளம் கொண்ட பெங்களூர் கண்டீரவா அரங்கு ஓசூரிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில்தான் இருக்கிறது. காரில் செல்லும் பிள்ளைக்கு அது பக்கத்து ஊர். தினக்கூலிக் குடும்பத்துப் பிள்ளைக்கோ நாள்தோறும் 80 கி.மீ. பேருந்துப் பயணம், இரவில் அத்திப்பள்ளி தாண்டி வீடு திரும்பும் கவலை. ஆகவே வசதி ஊரிலேயே வேண்டும். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு மெத்தை வாங்க இயலாவிட்டால், ஐந்தாறு பள்ளிகளுக்கு நடுவே ஒன்று வாங்கி, மாலையில் எல்லாருக்கும் திறந்துவைக்கலாம். வாகன இருக்கை செய்யும் ஊர் இது. நுரை ரப்பரைப் பற்றி அறிந்த கைகள் இங்கேயே உண்டு. டெபி பிரிலின் தந்தை தனியாகச் செய்ததை, உடற்கல்வி ஆசிரியரின் மேற்பார்வையில், தேவையான தடிமனும் இடைவெளியில்லாத அமைப்பும் உள்ளதாக, ஓர் ஊரே சேர்ந்து செய்ய முடியாதா?

மெத்தை போட்டியன்று மட்டும் வந்தால் போதாது. அந்தப் பெண்ணின் முன்னால் மெத்தை இருக்கத்தான் செய்தது. பின்பக்கம் பார்க்காமல் விழுவதற்கு உடல் நம்பிக்கை கொள்ள வேண்டும். அந்த நம்பிக்கை பல மாதப் பயிற்சியில் வருவது. அதனால் அது நவம்பர் மாதத்துப் போட்டிக்கு ஜூன் மாதமே வந்திருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டும் நடுவராக அழைத்தார்கள்; போனேன். போட்டி தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மெத்தையை விரிக்கச் சொல்லி, விரும்பிய எல்லாரையும் உடற்கல்வி ஆசிரியர் முன்னிலையில் விழுந்து பழக விட்டோம். முந்தைய ஆண்டுப் பெண் வரவில்லை. பள்ளி மாறிவிட்டாள் என்று சொன்னார்கள். அவள் பெயருக்கு எதிரே 114 என்ற எண் என் கையெழுத்தோடு ஏதோ ஒரு கோப்பில் இன்னும் இருக்கும். திருத்தப்படாத அளவீடு அது.

பயிற்சி

1. ஒரு மாணவன் சுவர்ச் சோதனையில் 40 செ.மீ. எழும்பினான். கால் தரையை விடும்போது அவன் மேல்நோக்கிய திசைவேகம் என்ன? (ஈர்ப்பு முடுக்கம் 9.8 மீ/விநாடி² எனக் கொள்க.)

2. 50 கி.கி. நிறையுள்ள ஒருவன் 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறான். அவனை 25 செ.மீ. தொலைவில் நிறுத்தும் மெத்தையையும், 4 செ.மீ. தொலைவில் நிறுத்தும் தரையையும் ஒப்பிடுக. தடுக்கும் சராசரி விசை எடையைப்போல் எத்தனை மடங்கு?

3. உங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் அளக்கப்படும் ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அளவில் வீரருடைய பங்கு எது, தரை, கருவி, உணவு ஆகியவற்றின் பங்கு எது என்று எழுதுக.

விடைகள்: (1) விநாடிக்கு 2.8 மீட்டர். (2) மெத்தையில் 4 மடங்கு, தரையில் 25 மடங்கு. (3) இதற்கு விடை உங்கள் மைதானத்தில் இருக்கிறது.